பதினொன்றாம் வகுப்பு ஐந்தாம் பாடம்: மென்பொருள் போட்ட பட்டியலைப் பெற்றோர் ஏற்கவில்லை

மேலூர்ரோடு_கம்ப்யூட்டர்

வணக்கம். மேலூர் ரோட்டில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக பதினொன்றாம் வகுப்பு ஐந்தாம் பாட அலாட்மென்டும் என் தலையில் விழுந்திருக்கிறது.

நிலவரம் இதுதான். பிள்ளைகள் 112 பேர். நான்கு பாடம் முடிவாகிவிட்டது. ஐந்தாவதாக கம்ப்யூட்டர் சயின்ஸ் 40 இடம், ஏஐ 40, உடற்கல்வி 40, உளவியல் 25. பள்ளியின் நிர்வாக மென்பொருளில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. பெற்றோர் செல்போனிலேயே நான்கையும் வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டார்கள். பொத்தானை அமுக்கியதும் பட்டியல் வந்தது. போர்டில் ஒட்டிய மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் கூட்டம்.

முதல் விருப்பமாகக் கேட்டவர்கள்: கம்ப்யூட்டர் 61, ஏஐ 33, உடற்கல்வி 12, உளவியல் 6. கம்ப்யூட்டரில் இடம் கிடைக்காத 21 பேரில் 19 பேர் இரண்டாவதாக ஏஐ போட்டிருந்தார்கள். அங்கே மிச்சம் 7 இடம்தான். மற்றவர்களை உடற்கல்விக்கும் உளவியலுக்கும் தள்ளிவிட்டது. பத்தாம் வகுப்பில் 81 சதவீதம் வாங்கிய பெண்ணுக்கு உடற்கல்வி. 58 சதவீதம் வாங்கிய பையனுக்கு ஏஐ. அந்தப் பெண்ணின் அம்மா கேட்கிறார்: "மார்க் படிதான் போட்டோம்னு சொல்றீங்க, அப்புறம் இது எப்படி சார்?" என்னிடம் பதில் இல்லை. மென்பொருள்காரர்களுக்குப் போன் போட்டால் "சிஸ்டம் கரெக்டா தான் சார் போட்டிருக்கு" என்கிறார்கள்.

கணக்கில் பிழையா, முறையே இப்படித்தானா?

நாகமலை_நிரலர்

சார், கணக்கு சரி. முறைதான் வில்லங்கம்.

உங்கள் மென்பொருள் என்ன செய்திருக்கிறது என்றால், முதல் சுற்றில் எல்லாருடைய முதல் விருப்பத்தையும் பார்த்து முடித்து இடங்களைக் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் நெரிசல், அதனால் அங்கே மட்டும் மார்க் பார்த்தது. ஏஐயை முதலில் கேட்டவர்கள் 33 பேர்தான், இடமோ 40, எனவே 58 சதவீதம் என்றாலும் உள்ளே. அதன் பிறகுதான் இரண்டாம் விருப்பத்துக்கே வருகிறது. 81 சதவீதப் பெண் அந்தச் சுற்றுக்கு வந்து நின்றபோது 33 இடம் போய்விட்டது. மிச்ச 7 இடத்துக்கு அவளைப் போல 19 பேர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்விலும் சுற்று உண்டு, ஆனால் அது வேறு. அங்கே தரவரிசையில் முதல் இத்தனை பேர் ஒரு சுற்று, அடுத்தவர்கள் அடுத்த சுற்று என்று ஆட்களைப் பிரிக்கிறார்கள். கட்-ஆஃப் 190 எடுத்தவருக்குத் தன் பட்டியலில் முதல் இடம் கிடைக்கவில்லை என்றால், இரண்டாவது, மூன்றாவது என்று அவருடைய பட்டியலையே கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போவார்கள். உங்கள் மென்பொருள் ஆட்களைப் பிரிக்காமல் விருப்பங்களைப் பிரித்துவிட்டது. வித்தியாசம் அம்புட்டுத்தான், ஆனால் அதில்தான் எல்லாமே இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் வெகுகாலம் இதே முறைதான். அதனால் இதற்குப் பெயரே பாஸ்டன் முறை. விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, நெரிசலான பள்ளியை முதலில் போடாமல் தப்பித்தார்கள். விவரம் தெரியாதவர்கள் மனதில் உள்ளதை அப்படியே எழுதி மாட்டிக்கொண்டார்கள். 2005இல் அதைக் கைவிட்டார்கள்.

உங்கள் பள்ளியிலும் அடுத்த வருடம் பாருங்கள். அந்த அம்மா தன் இளைய மகனுக்கு ஏஐயைத்தான் முதலில் போடுவார், அவனுக்கு கம்ப்யூட்டர் பிடித்திருந்தாலும்.

உசிலை_பிஜி_டீச்சர்

உங்களுக்காவது மென்பொருள் இருக்கிறது சார். உசிலம்பட்டிப் பக்கம் உதவிபெறும் பள்ளி எங்களுடையது. ஸ்டேட் போர்டு, ஆகவே ஐந்தாம் பாடம் என்றெல்லாம் இல்லை, குரூப்தான். பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர்-மேத்ஸ், காமர்ஸ், தொழிற்கல்வி. போன வருடம் ஒரு இளம் ஆசிரியர் ஆர்வத்தில் கூகுள் ஃபார்ம் போட்டு, முதலில் நிரப்புபவருக்கு முன்னுரிமை என்று அறிவித்துவிட்டார். எழுமலை தாண்டி மலையடிவாரத்தில் டவர் கிடைக்காத பிள்ளைகள் பாவம், பஸ் ஏறி வந்து நெட் சென்டரில் உட்கார்வதற்குள் பயோ-மேத்ஸ் நிறைந்துவிட்டது. டவுனுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. டாக்டராகணும் என்கிற பிள்ளைக்கு உயிரியல் இல்லையென்றால் நீட்டே எழுத முடியாது. அதைப் போய் சிக்னலை வைத்துத் தீர்மானிப்பதா?

இந்த வருடம் பழையபடி நோட்டுப் புத்தகம்தான். தலைமையாசிரியர் அறையில் மார்க் வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம்.

நாகமலை_நிரலர்

டீச்சர், நீங்கள் நோட்டில் செய்ததுதான் சரியான முறை. நான் அவருக்குச் சொல்ல வந்ததும் அதையேதான். வரிசையில் முதல் பிள்ளை வந்து தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறது. அடுத்த பிள்ளை மிச்சமிருப்பதில் தனக்குப் பிடித்ததை எடுக்கிறது. இந்த முறையில் பொய் சொல்லி யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. நம் முறை வரும்போது மிச்சம் இருப்பது மற்றவர்கள் எடுத்ததைப் பொறுத்தது. நாம் எழுதிய வரிசை அதை மாற்றாது.

மேலூர்ரோடு சார், இதற்கு மேக்ரோ கூட வேண்டாம். எக்செல்லில் பிள்ளைகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நெடுவரிசையில் ஒரு இஃப் ஃபார்முலா: இந்த வரிக்கு மேலே என் முதல் விருப்பம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கவுன்ட்இஃப் போட்டு எண்ணு, அது இடங்களின் எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தால் அதைக் கொடு, இல்லையென்றால் இரண்டாவதைப் பார், மூன்றாவதைப் பார். கீழே இழுத்துவிட்டால் 112 வரியும் முடிந்தது.

ஒத்தக்கடை_அம்மா

நான் ஆசிரியர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் அம்மா. ஒன்று கேட்கலாமா?

நீங்கள் சொல்லும் முறையில் அந்த 58 சதவீதப் பையனுக்கு என்ன கிடைக்கும்? அவன் ஏஐயைத்தான் முதலில் கேட்டிருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு அது இரண்டாவதுதான். உயிரைக் கொடுத்துக் கேட்டவனை எழுப்பிவிட்டு, "அது இல்லைன்னா இது" என்றவளை உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்? மார்க் குறைந்த பிள்ளைக்கு ஆசையே இருக்கக் கூடாதா?

எங்கள் வீட்டில் சின்னவன் அந்த ரகம். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து அவனுக்கு எல்லாவற்றிலும் கடைசிப் பந்திதான்.

மேலூர்ரோடு_கம்ப்யூட்டர்

அம்மா, இதே கேள்வியை எங்கள் பிரின்சிபால் மேடமும் கேட்டார். ஸ்டாஃப் ரூமில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

நாகமலை_நிரலர்

அக்கா, கேள்வி நியாயமானது. அந்தப் பையன் ஏஐயை இழக்க வாய்ப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, முதல் விருப்பம் என்று எழுதியதை வைத்து ஆசையின் ஆழத்தை அளக்க முடியுமா என்பது. அளக்க முடியும்தான், எல்லாரும் உண்மையை எழுதும் வரை. முதலில் எழுதினால் முன்னுரிமை என்று தெரிந்துவிட்டால், அடுத்த வருடம் ஃபார்மின் அந்தக் கட்டத்தில் வருவது ஆசை இல்லை, கணக்கு.

இரண்டு, வரிசை எதை வைத்து என்பது. மார்க்தான் என்று நான் சொல்லவில்லை. வரிசைப்படி எடுப்பது ஒரு முடிவு, வரிசையை மார்க்கில் போடுவதா குலுக்கலில் போடுவதா என்பது இன்னொரு முடிவு. உடற்கல்விக்கும் உளவியலுக்கும் பத்தாம் வகுப்பு அறிவியல் மார்க் என்ன சம்பந்தம்? குலுக்கலில் போட்டால் உங்கள் சின்னவனும் முதல் ஆளாக வரலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தானே போடுகிறார்கள்?

திருநகர்க்காரன்

என்ன எல்லாரும் குலுக்கலுக்கும் கியூவுக்கும் போய்விட்டீர்கள்? இது 1955லேயே தீர்ந்துபோன கணக்கு. ஹங்கேரியன் முறை. ஹெரால்டு கூன் எழுதியது, ஹங்கேரிக் கணித அறிஞர்கள் இரண்டு பேரின் பழைய வேலையை வைத்து. முதல் விருப்பம் கிடைத்தால் 1, இரண்டாவது 2, மூன்றாவது 3 என்று செலவு போட்டு, மொத்தச் செலவு குறைவாக வரும்படி கம்ப்யூட்டரே ஒதுக்கும். எக்செல்லில் இதற்கு சால்வர் என்று ஒரு கருவி இருக்கிறது, கிளிக் பண்ணினால் முடிந்தது. 112 பேரில் ஆகக் கூடுதலான பேர் சந்தோஷமாகப் போவார்கள். கியூவில் நிற்கவைப்பது ரேஷன் கடை முறை.

நாகமலை_நிரலர்

அண்ணே, வாங்க. முதலில் சின்ன விஷயம்: எக்செல்லோடு வரும் சால்வர் 200 மாறிகளுக்கு மேல் எடுக்காது. 112 பேர் பெருக்கல் 4 பாடம் 448. முரண்டு பிடிக்கும். ஓபன்சால்வர் போட்டுக்கொள்ளலாம், அது இலவசம். பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் அதன் சைப்பை என்ற கணித நூலகத்தில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு பாடத்துக்கு 40 இடம் என்றால் 40 நெடுவரிசையாக விரித்துக்கொள்ள வேண்டும், மொத்தம் 145 நெடுவரிசை வரும். கண் இமைக்கும் நேரத்தில் விடை.

பெரிய விஷயம் வேறு. கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் இடமும் ஒரு ஏஐ இடமும் மிச்சம், பிள்ளைகள் இரண்டு பேர் என்று வையுங்கள். முதல் பிள்ளை கம்ப்யூட்டர், ஏஐ என்று வரிசையாக எழுதியிருக்கிறது. இரண்டாவது பிள்ளை கம்ப்யூட்டரை முதலில் எழுதி, ஏஐயை நான்காவதாகத் தள்ளியிருக்கிறது. முதல் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் கொடுத்தால் மொத்தம் 1 கூட்டல் 4, ஐந்து. இரண்டாவதுக்குக் கொடுத்தால் 1 கூட்டல் 2, மூன்று. உங்கள் சால்வர் இரண்டாவது பிள்ளைக்குத்தான் கொடுக்கும். "இதுவும் பரவாயில்லை" என்று எழுதியதற்கு முதல் பிள்ளைக்குத் தண்டனை, முரண்டு பிடித்ததற்குப் பரிசு.

இதை அந்த 81 சதவீத அம்மாவிடம் மேலூர்ரோடு சார் எப்படி விளக்குவார்? "உங்க பொண்ணு அனுசரிச்சுப் போற மாதிரி எழுதிட்டா, அதனால அவளையே தள்ளிவிட்டோம்" என்றா?

திருநகர்க்காரன்

சரி, செலவை 1, 2, 3 என்று வைக்காமல் 1, 4, 9 என்று வையுங்கள். நான்காவது விருப்பத்துக்குப் போகிறவர்கள் குறைவார்கள்.

நாகமலை_நிரலர்

குறைவார்கள். ஆனால் 9ஆ 10ஆ என்று முடிவு செய்வது நீங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பட்டியல் மாறும், ஒவ்வொரு பட்டியலிலும் வேறு பிள்ளைக்கு அடி. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு வக்கீல் அப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள்?

லாரிகளுக்கு லோடு பிரிக்க உங்கள் முறை அருமை. லாரி பொய் எழுதாது.

டைம்டேபிள்_பொறுப்பு

எல்லாம் சரி. ஒருத்தராவது வகுப்பறையைப் பற்றிப் பேசினீர்களா?

பள்ளியில் டைம்டேபிள் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்று செக்‌ஷனிலிருந்தும் பிள்ளைகள் பிரிந்து நான்கு பாடத்துக்குப் போகிறார்கள் என்றால், அந்த நான்கும் ஒரே பீரியடில் நடக்க வேண்டும். நான்கு ஆசிரியர், நான்கு இடம், ஒரே நேரத்தில். உடற்கல்விக்கு மைதானம் இருக்கிறது, சரி. கம்ப்யூட்டருக்கும் ஏஐக்கும் லேப் ஒன்றா இரண்டா? ஒன்றுதான் என்றால் பிராக்டிகல் எப்படி? அந்த நேரத்தில் அதே ஆசிரியருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இருக்கக் கூடாது. இதை முதலில் முடித்துவிட்டுத்தான் எத்தனை இடம் என்றே சொல்ல முடியும். பல பள்ளிகளில் தலைகீழாக நடக்கிறது. பாடத்தை அறிவித்து, பிள்ளைகளை ஒதுக்கி, கட்டணமும் வாங்கிவிட்டு என்னிடம் வருவார்கள். நான் என்ன மந்திரவாதியா?

எஃப்இடி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வகுப்பு, குழு, உட்குழு என்று பிரித்துக் கொடுக்கலாம், மோதல் இருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒதுக்கீட்டுக்கு முன்னால் ஒருமுறை அதில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஃபார்மிலேயே தடுக்க வேண்டியதும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸையும் இன்ஃபர்மேடிக்ஸ் பிராக்டிசஸையும் சேர்த்து எடுக்க சிபிஎஸ்இ விடாது. கணிதமும் அப்ளைடு மேத்ஸும் அதே கதை. இந்த வருடம் உங்களிடம் அந்தப் பாடங்கள் இல்லை என்றாலும் அடுத்த வருடம் நிர்வாகம் "சேர்த்துடுவோம்" என்று சொல்லும்.

கல்லூரி_என்எம்இ

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுக்கு இது வருடா வருடம் வரும் திருவிழா. இளநிலைப் படிப்பில் நான்காம் பகுதியில் பிற துறை விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு மொழிப் பாடமான முதல் பகுதியில் வேறு மொழி எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் சிறப்புத் தமிழ், தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ். இவர்களை முதலில் பிரித்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இடக் கணக்கு இடிக்கும்.

அனுபவத்தில் தெரிந்த சில. சேர்க்கை எண்ணை வைத்தே பதிவு செய்ய வையுங்கள், பெயரை வைத்தால் ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பான். ஒருவர் இரண்டு முறை நிரப்பினால் கடைசியாக வந்ததே செல்லும் என்று முன்பே எழுதிவிடுங்கள். நான்கையும் வரிசைப்படுத்தாமல் ஒன்றே ஒன்றை எழுதிவிட்டு விடுபவர்கள் உண்டு, அதுதான் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். அப்படிப்பட்டவருக்கு அது கிடைக்கவில்லை என்றால் எஞ்சியதுதான் என்பதும் அறிவிப்பில் இருக்கட்டும். பத்துப் பேர் கூடச் சேராத பாடத்தை நடத்துவீர்களா என்பதை ஒதுக்கும் முன்னால் முடிவு செய்யுங்கள். நடத்தவில்லை என்றால் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டு அதே வரிசையில் முழுதாக மறுபடி ஓட்ட வேண்டும். அந்தப் பாடத்தில் இருந்தவர்களை மட்டும் எடுத்து இங்கிட்டும் அங்கிட்டும் சொருகினால் பழைய சண்டை திரும்பி வரும்.

மேலூர்ரோடு_கம்ப்யூட்டர்

எல்லாருக்கும் நன்றி. மேடத்திடம் பேசிவிட்டேன். பழைய பட்டியல் ரத்து. குலுக்கல் எண், அதன்படி வரிசை. ஆனால் பிடி மாஸ்டர் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். மாவட்ட அளவில் விளையாடும் பிள்ளைகளுக்கு உடற்கல்வியில் முன்னுரிமை வேண்டுமாம். நியாயம்தான். ஒரு பாடத்துக்கு மட்டும் வரிசை மாறினால் எக்செல் ஃபார்முலா உடையுமே?

இன்னொன்று. கம்ப்யூட்டரில் குலுக்கினால் "உங்களுக்கு வேண்டியவங்களை மேலே போட்டுட்டீங்க" என்பார்கள். ஏற்கெனவே அந்தப் பேச்சு ஓடுகிறது. கூகுள் ஷீட்டில் ஏதோ ஒரு எண்ணைத் தரும் ரேண்ட் ஃபார்முலா போட்டேன், எதைத் தொட்டாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

நாகமலை_நிரலர்

ரேண்ட் அப்படித்தான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாகக் கணக்கிடும். ஒருமுறை வந்ததும் நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுங்கள். சந்தேகத்துக்கு வேறு வழி இருக்கிறது. பைத்தானில் குலுக்குவதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்கலாம், அதே எண்ணுக்கு அதே வரிசைதான் வரும். அந்த எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். "வரும் திங்கள் காலைப் பேப்பரில் போட்டிருக்கும் ஒரு சவரன் தங்கத்தின் விலைதான் தொடக்க எண்" என்று இன்றைக்கே எந்தப் பேப்பர் என்பதோடு அறிவித்துவிடுங்கள். தங்கம் விலையை மதுரையில் பார்க்காத வீடு ஏது? சேர்க்கை எண் பட்டியலையும் நிரலையும் கூடவே வெளியிட்டால், சந்தேகப்படும் எந்த அப்பாவும் வீட்டில் ஓட்டிச் சரிபார்க்கலாம்.

பிடி மாஸ்டர் விஷயத்துக்கு கேல், ஷாப்லி இருவரும் 1962இல் எழுதிய முறை. 2012 பொருளாதார நோபல் ஷாப்லிக்கும், இதைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளையும் முதல் விருப்பத்தைக் கேட்கும். பாடம் தன் வரிசைப்படி 40 பேரைப் பிடித்துவைக்கும், ஆனால் உறுதி செய்யாது. மற்றவர்கள் அடுத்த விருப்பத்துக்குப் போய்க் கேட்பார்கள். அங்கே அவர்களுக்கு முன்னுரிமை இருந்தால் ஏற்கெனவே பிடித்துவைத்தவர் வெளியேறி, தன் அடுத்த விருப்பத்துக்குப் போவார். யாரும் நகராத நிலை வந்த பிறகுதான் எல்லாம் உறுதியாகும். உங்கள் பழைய மென்பொருள் முதல் சுற்றிலேயே உறுதி செய்ததுதான் கோளாறு. எல்லாப் பாடத்துக்கும் ஒரே வரிசை என்றால் இந்த முறையும் கியூ முறையும் ஒரே விடைதான் தரும். அதனால் பயப்பட வேண்டாம், சின்ன நிரல், எழுதி அனுப்புகிறேன்.

ஒத்தக்கடை_அம்மா

தங்கம் விலை யோசனை நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் நிரலைப் பார்த்து நம்புகிற பெற்றோர் எத்தனை பேர்? குடத்தில் சீட்டைப் போட்டு எல்லார் முன்னாலும் எடுத்தால் எங்களுக்குப் புரியும்.

மேலூர்ரோடு_கம்ப்யூட்டர்

மேடமும் அதையேதான் சொன்னார் அம்மா. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எவர்சில்வர் குடத்தில் 112 வில்லை, யுகேஜி குழந்தை ஒன்று எடுத்துக் கொடுத்தது. அலாட்மென்ட் நாகமலை சாரின் நிரலில். 81 சதவீதப் பெண்ணுக்கு கம்ப்யூட்டரே விழுந்தது. 58 சதவீதப் பையனுக்கும் ஏஐ கிடைத்துவிட்டது, குலுக்கலில் இருபதுக்குள் வந்திருந்தான். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பையனுக்கு உளவியல். அவன் அப்பா இன்னும் ஆபீஸில்தான் உட்கார்ந்திருக்கிறார். குலுக்கலைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் ஏமாற்று என்று சொல்லவில்லை, முறையே தப்பு என்கிறார். அடுத்த வருடம் கம்ப்யூட்டருக்கு மட்டும் கணித மார்க் வரிசை வைக்கலாமா என்று மேடம் யோசிக்கிறார்.

இடம் மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு வாரம் விட்டிருக்கிறோம்.

நாகமலை_நிரலர்

அதிகம் வராது சார். விளையாட்டுப் பிள்ளைகளின் முன்னுரிமையால் உடற்கல்வி இடம் தவறிய ஒன்றிரண்டு பேர் கேட்கலாம். மற்றபடி எல்லாரும் மனதில் உள்ளதை எழுதியிருந்தால், இரண்டு பேருமே லாபமடையும் மாற்று இருக்காது. கேட்டு வந்தால் மனசு மாறியிருக்கிறது என்று அர்த்தம், இரண்டு வீட்டுக் கையெழுத்தும் இருந்தால் கொடுத்துவிடுங்கள். யாராவது டிசி வாங்கிப் போனால் அந்த இடம் மட்டும் குலுக்கல் வரிசைப்படி காத்திருப்பவர்களுக்கு.

உசிலை_பிஜி_டீச்சர்

அந்த ஃபைலை எனக்கும் அனுப்புங்கள் சார், தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டுக்கும் தனித்தனியாக ஓட்டிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். எங்களிடம் இரட்டைப் பிள்ளைகள் ஒரு ஜோடி இருக்கிறது. வீட்டில் ஒரே குரூப்தான் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

நாகமலை_நிரலர்

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வில்லை டீச்சர். அடுத்தடுத்த வரியில் நிற்கட்டும். அவர்கள் முறை வரும்போது ஒரே ஒரு இடம்தான் மிச்சம் என்றால் நிரலை நிறுத்திவிட்டு அவர்கள் அம்மாவுக்குப் போன் போடுங்கள்.